வசந்தம் வந்ததும் பிள்ளைகள் பாடத்தில் உட்காரவில்லை, இதைப் படிப்பாகக் கணக்கில் வைக்கலாமா?

ஓராண்டாக இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பெரியவனுக்கு 10 வயது, சின்னவளுக்கு 6. குளிர்காலம் முழுக்க ஒழுங்காக நடந்த பாடம் வெயில் தலைகாட்டியதும் கலைந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் கண் ஜன்னலில்தான் இருக்கிறது, பத்து மணிக்கெல்லாம் வெளியே ஓடிவிடுகிறார்கள். வசந்த காலத்துக்கென்று ஒரு அட்டவணை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டவணையை நாலு வரியில் எழுதித் தந்துவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி என்றே எனக்குப் படுகிறது: வெளியில் அலைந்துவிட்டு வரும் நாளைப் படித்த நாளாகக் கணக்கில் வைக்கலாமா, இல்லை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அப்புறம் என் பிள்ளைகள் இருவரையும் வீட்டில் வைத்துப் பதினோரு வருடம் படிக்க வைத்தேன். அதனால் இந்தப் பருவத்தைப் பதினோரு தடவை கடந்து வந்திருக்கிறேன். நான் உளவியல் நிபுணர் இல்லை, உங்கள் பிள்ளைகளைப் பார்த்ததும் இல்லை. கீழே எழுதுவதில் எது உறுதி, எது என் அனுபவம் மட்டும் என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

கணக்கில் வைக்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. வாசிப்பும் கணக்கும் ஒரு நாள்கூட முழுசாக விடுபடக் கூடாது. வெளியே போவது திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதாக இருக்க வேண்டும், பார்த்ததில் ஏதாவது ஒன்று தேதியோடு நோட்டில் ஏற வேண்டும். நாளுக்கொரு புது இடம் என்று சுற்றினால் அது நல்ல பொழுதுதான், உடம்புக்கும் நல்லது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையின் தலையில் தங்குவது குறைவு. போன வாரம் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒன்றை இந்த வாரம் பார்க்கும்போதுதான் "ஏன் மாறியது" என்ற கேள்வி வருகிறது.

முதல் நிபந்தனையைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் மறதியை அளந்து வெளியிட்ட நாளிலிருந்து, திரும்பப் பார்க்காதது வேகமாக மறந்துபோகும் என்பதும், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட அதையே சில நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் அதிகம் நிற்கும் என்பதும் பலமுறை உறுதியாகியிருக்கின்றன. இதை நான் பட்டும் தெரிந்துகொண்டேன். எங்கள் மூன்றாவது வசந்தத்தில், பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே என்று ஏழு வாரம் கணக்கை அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வந்து நீள்வகுத்தலை எடுத்தபோது மகளுக்கு வாய்ப்பாடே தடுமாறியது. ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுகொண்டு, "எனக்கு முன்னாடி தெரிஞ்சதும்மா" என்று அழுதாள். அந்த அழுகைக்குக் காரணம் நான்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வசந்தமானாலும் தினமும் 25 நிமிடம் கணக்கு, 20 நிமிடம் வாசிப்பு உண்டு. அதுவும் காலணி மாட்டுவதற்கு முன்னால். வெளியே போய்விட்டு வந்து செய்யலாம் என்று தள்ளிய நாட்களில் அது நடந்ததே இல்லை.

குளிர்காலத்தில் கணக்குக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருப்பீர்கள். 25 நிமிடம் போதுமா என்று மனசு கேட்கும். புதுப் பாடத்தை வேகமாக முடிக்கப் போதாது. தெரிந்ததைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளவும் மெதுவாக முன்னேறவும் போதும். மேசையில் ஒருவருக்கு எதிரே ஒருவராக உட்காரும்போது 25 நிமிடம் எவ்வளவு பெரியது என்பது வகுப்பறையில் முப்பது பிள்ளைகளோடு நின்றவர்களுக்குத் தெரியும். மீதி நாள் சிக்கலானது இல்லை. மதியம் வரை வெளியே, சாப்பிட்டபின் நோட்டு, சாயங்காலம் நீங்கள் வாய்விட்டு ஒரு கதை வாசிப்பது. மழை நாளில் குளிர்கால ஒழுங்குக்கே திரும்பிவிடலாம், வசந்தத்தில் மழை நாளுக்குப் பஞ்சமிருக்காது. நீங்கள் கேட்ட அட்டவணை இவ்வளவுதான்.

இனி அந்தத் திரும்பப் போகும் விஷயம். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இலையுதிர்க்கும் மரம் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், கிளை கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பீச், ஹார்ஸ் செஸ்ட்நட், மேப்பிள் எதுவானாலும் நல்லது. கிளை நுனியில் குளிர்காலம் முழுக்க ஒரு மொட்டு மூடிக் கிடக்கும், அதன்மேல் அடுக்கடுக்காகச் செதில்கள். வசந்தத்தில் மொட்டு விரியும்போது செதில்கள் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் கிளையைச் சுற்றி நெருக்கமாகச் சில மெல்லிய கோடுகள், மோதிரம் கழற்றிய விரலில் தெரியும் தழும்பு மாதிரி, நின்றுவிடும். அடுத்த வருடம் நுனி இன்னும் தள்ளிப் போயிருக்கும், அங்கே இன்னொரு மோதிரம். ஆகவே இரண்டு மோதிரத்துக்கு நடுவே இருக்கும் தூரம் அந்தக் கிளை ஒரு வருடத்தில் வளர்ந்த நீளம்.

என் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது இதைக் காட்டினேன். ஸ்கேலை வைத்து நுனியிலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டே போனான். 11 சென்டிமீட்டர், அடுத்தது 14, அடுத்தது வெறும் 3. "இந்த வருஷம் மட்டும் ஏம்மா இத்துனூண்டு?" என்றான். எனக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கிளையையும் அளந்து பார் என்றேன். அதிலும் அதே வருடம் குறைவு. மரத்தின் மறுபக்கம் போய் இன்னொரு கிளை, அங்கேயும் அப்படித்தான். அப்படியென்றால் கிளைக்கு எதுவும் ஆகவில்லை, மரத்துக்கே ஏதோ ஆகியிருக்கிறது என்று அவனாகச் சொன்னான். மழை குறைந்த வருடமா, பூச்சி இலையைத் தின்ற வருடமா என்று எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை. காரணம் கிடைக்காவிட்டாலும், ஒரு கிளையை நம்பாமல் மூன்றைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று அவன் கற்றுக்கொண்டான். வகுப்பறையில் ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்தும் நான் அதை யாருக்கும் அவ்வளவு தெளிவாகப் புரியவைத்ததில்லை. ஆறாவது மோதிரத்துக்கு அப்பால் பட்டை தடித்துக் கோடு மறைந்துபோனது. அந்த இடத்தில் விரலை வைத்து, "நான் மூணு வயசா இருந்தப்ப இந்தக் கிளை இங்கதான் முடிஞ்சிருக்கு" என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

தேதி போட்டு எழுதுவதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736இல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறிக்க ஆரம்பித்தார். முதல் தவளைச் சத்தம் கேட்ட நாள், முதல் தகைவிலான் குருவி வந்த நாள், இன்ன மரம் துளிர்த்த நாள் என்று மொத்தம் 27 அறிகுறிகள். அவருக்குப் பிறகு அவர் வம்சத்தார் அதைத் தொடர்ந்தார்கள், 1958 வரை. பருவநிலை மாறுவதை ஆராய்கிறவர்கள் இன்றைக்கு அந்தக் குறிப்புகளை எடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டு நோட்டு இருநூறு வருடம் போக வேண்டியதில்லை. இரண்டாவது வசந்தத்தில் போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டி, "இந்த வருஷம் ஆறு நாள் முன்னாடியே துளிர்த்துடுச்சு" என்று பெரியவன் சொல்லும்போது உங்களுக்கே தெரியும். பிள்ளைகளிடம் 27 அறிகுறி கேட்காதீர்கள். ஐந்து போதும், அந்த ஐந்தும் அவர்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்.

பெரியவனுக்குக் கணக்கு பின்தங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த 25 நிமிடத்தில் பாதியை வசந்தமே தரும். சூரிய உதயம், மறைவு இரண்டு நேரத்தையும் தினமும் குறித்து, பகலின் நீளத்தைக் கழித்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மணியிலிருந்து கடன் வாங்கினால் 10 வராது, 60 வரும். கடன் வாங்கிக் கழிப்பதை அர்த்தம் தெரியாமல் செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு அங்கேதான் விஷயம் பிடிபடும். சம இரவு நாள் வட பாதியில் மார்ச் 20 வாக்கில், தென் பாதியின் வசந்தத்தில் செப்டம்பர் 22 அல்லது 23. அன்று பகலும் இரவும் சரிபாதி என்று புத்தகத்தில் இருக்கும். அவன் நோட்டில் சரிபாதி நாள் அதற்குச் சில நாள் முன்னாலேயே வந்திருக்கும். கணக்கில் தப்பு என்று அழிக்க விடாதீர்கள், அவன் எழுதியதுதான் சரி. சூரியனின் மேல் விளிம்பு எட்டிப்பார்த்ததுமே உதயம் என்று கணக்கிடுகிறார்கள். போதாததற்குக் காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் பகலுக்குச் சில நிமிடம் கூடுதல். எட்டு வாரம் குறித்தபின் கிராஃப் தாளில் வரையட்டும். சம இரவு நாளை ஒட்டிக் கோடு செங்குத்தாக ஏறும், கோடை நெருங்க நெருங்கப் படுத்துவிடும். அட்சரேகை 50 பாகை அளவில் வசிப்பவர்களுக்கு அந்த ஏற்றம் நாளொன்றுக்கு மூன்றரை நிமிடத்துக்கும் மேல். நிலநடுக்கோட்டின் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும்.

வீட்டுக்குள் செய்யவும் ஒன்று சொல்கிறேன். பீன்ஸ் விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, கண்ணாடி ஜாடியின் உட்புறம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகுங்கள். முதலில் வேர்தான் வரும். அப்புறம் தண்டு கொக்கி மாதிரி வளைந்துகொண்டு மேலே வரும், மென்மையான நுனி மண்ணில் உரசாமல் இருக்கத்தான் அந்த வளைவு. வேர் ஒரு விரற்கடை நீண்டதும் ஜாடியைப் படுக்க வையுங்கள். ஓரிரு நாளில் வேர்நுனி திரும்பிக் கீழ்நோக்கிப் போகும். கீழே எது என்று வேருக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலைச் சொல்லிவிடாமல் இரண்டு நாள் யோசிக்க விடுங்கள். தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் 1806இல் விதைகளை நீரால் சுழலும் சக்கரத்தில் கட்டி முளைக்க வைத்தார். வேகமாகச் சுழன்ற சக்கரத்தில் வேரெல்லாம் வெளிப்பக்கமாகவும் தண்டெல்லாம் மையத்தை நோக்கியும் வளர்ந்தன. இழுக்கும் விசை எந்தப் பக்கமோ வேர் அந்தப் பக்கம். வேர்நுனியின் செல்களுக்குள் இருக்கும் மாவுச்சத்து மணிகள் கனத்தால் கீழே படிவதை வைத்து வேர் திசையை அறிகிறது என்பது பின்னால் வந்த அறிவு.

குளத்தில் தலைப்பிரட்டை பார்க்கக் கிடைத்தால் வாரம் ஒருமுறை அங்கேயே உட்கார்ந்து வரைந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், பல இடங்களில் சட்டமும் அனுமதிக்காது. முதலில் பின்னங்கால் தெரியும், முன்னங்கால் பிறகுதான். வால் ஒருநாள் கழன்று விழுந்துவிடும் என்று நான் மகளிடம் சொல்லியிருந்தேன், நானும் சின்ன வயதில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஐந்தாவது வாரம் அவள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒவ்வொரு படத்திலும் வால் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகியிருந்தது. "விழலம்மா, உள்ள போகுது." அவள் சொன்னதுதான் சரி. வாலை உடம்பு தனக்குள்ளேயே கரைத்து எடுத்துக்கொள்கிறது. அம்மா சொன்னதைவிடத் தன் நோட்டை நம்பலாம் என்று அவளுக்குத் தெரிந்த நாள் அது. எனக்கு அதில் இருந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இனி சந்தேகமான பக்கம். வெளியில் விட்டால் பிள்ளை தானாக எல்லாம் கற்றுக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அது பாதி உண்மை. ஆர்வம் தானாக வரும், பின்னமும் எழுத்துப்பிழை திருத்தமும் தானாக வராது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளைவிட மதிப்பெண்ணில் முந்துகிறார்கள் என்று வரும் செய்திகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தகைய ஆய்வுகள் பலவற்றில் தாமாக முன்வந்த குடும்பங்களைத்தான் சேர்த்திருக்கிறார்கள், நன்றாகப் போகும் குடும்பம்தான் முன்வரும். ஆதாரம் வலுவாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கண்ணைச் சொல்வேன். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பள்ளி நாட்களில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு மூன்று வருடம் கவனித்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி, வெளியே போனவர்களில் 30.4 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு. உங்கள் பிள்ளைகள் வெளியே ஓடும் நேரம் எப்படிப் பார்த்தாலும் வீண் இல்லை.

பெரியவனைப் பற்றி ஒன்று. அவன் உட்காராதது இந்தப் பருவத்தில் மட்டும் என்றால் கவலைப்பட வேண்டாம். குளிர்காலத்திலும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினான், எண்களைக் கண்டாலே ஒதுங்கினான் என்றால் அதை வசந்தத்தின் தலையில் போடாதீர்கள். கற்றல் குறைபாடு பார்க்கிற நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாம் எவ்வளவு அக்கறையோடு சொல்லிக்கொடுத்தாலும் அந்தப் பரிசோதனைக்கு அது ஈடாகாது. தூக்கத்தையும் கவனியுங்கள். சாயங்காலம் வெளிச்சம் நீள நீளப் பிள்ளைகள் படுக்கப் போகும் நேரம் தள்ளிப்போகும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் நாடென்றால் அந்த வாரம் இன்னும் மோசம், அந்த வாரத்தில் புதுப் பாடம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்குப் பொதுவாக அனுமதியே இல்லை. ஆண்டு அறிக்கையோ பிள்ளையின் வேலைகளின் தொகுப்போ கேட்கும் இடங்களில், தேதி போட்ட இந்த நோட்டை மற்றவற்றோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் அதை மட்டுமே காட்டினால் போதுமா என்பதை உங்கள் ஊர் விதியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீங்களும் சோர்ந்துபோயிருக்கிறீர்கள் என்று கேள்வியின் தொனியே சொல்கிறது. தினமும் மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்கு இயற்கையை விளக்கிக்கொண்டே நடக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். நான் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தேன். பேச்சை நிறுத்தியபோதுதான் அவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு விரிப்பைப் போட்டு, உங்கள் புத்தகத்தோடு மரத்தடியில் உட்காருங்கள். கூப்பிட்டால் மட்டும் எழுந்து போங்கள்.

சின்னவள் எழுத மாட்டேன் என்கிறாள், அவளுக்கு நோட்டு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஆறு வயதில் எழுத வேண்டியதில்லை. படம் அவள் வரையட்டும், வாக்கியத்தை அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், தேதியை மட்டும் அவள் கையால் போடட்டும். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். என் மகளின் ஆறு வயது நோட்டில் ஒரு பக்கத்தில், விரிந்துகொண்டிருந்த மொட்டுப் படத்துக்குக் கீழே என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "இலை இன்னும் மடிச்ச துணி மாதிரி இருக்கு. நாளைக்குப் பிரிப்பாங்க."